விரத வீட்டுக்குக் கொண்டுபோன குளிசை

சென்ற மாதம் இங்கே கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், பார்மசி படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு கூட்டம் வைத்தார்கள். இந்தத் துறையில் என்ன படிக்கலாம், படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகலாம் என்று அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லுகிற கூட்டம். நான் கடைசி வரிசையில் கதவோரம் இருந்தேன். எங்கே போனாலும் எனக்கு அதுதான் இடம்.

பேசிய பிள்ளை நன்றாகவே பேசினாள். இப்போது பார்மசிக்காரரே தடுப்பூசி போடுகிறார். சின்ன வருத்தங்களுக்குத் தானே மருந்து எழுதுகிறார். டொக்டர் எழுதிய அளவைக்கூடத் தேவைப்பட்டால் கூட்டிக் குறைக்கிறார். எந்த நாள், எந்த நேரம், எந்தக் குளிசை என்று இயந்திரமே பிரித்துப் பொதி செய்கிறது. பெற்றோர் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு திரையில் ஒரு படம் வந்தது. வெறுமையான சாப்பாட்டுத் தட்டு, பக்கத்தில் ஒரு குளிசை. விரதமோ நோன்போ இருக்கும் நோயாளியிடம் மருந்தைக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று கீழே ஒரு பட்டியல். இது அண்மைக் காலத்தில்தான் துறையின் கவனத்துக்கு வந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னாள்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கவனத்துக்கு வந்ததாம். எண்பதுகளின் நடுவில், அந்த மண்டபத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு பார்மசியின் கவுண்டருக்கு முன்னால் நின்று ஒருவன் அதைச் சொன்னான். அரைகுறைப் பிரெஞ்சில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான். அவனுக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவன் நான்தான்.

எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையே என்னிடம் வந்து, "அங்கிள், நீங்களும் பார்மசியிலை வேலை செய்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. எங்கடை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். அவளில் ஒரு பிழையுமில்லை. அவளுக்குக் கொடுத்த புத்தகத்தில் இருந்ததை அவள் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது இப்படித்தான் இருக்கும். சூடு கூடிப்போனால் அச்சடிக்காமல் விடுங்கள். ஆற வைத்து அச்சடிக்க வேண்டாம்.

நான் பார்மசிக்காரன் அல்ல. உதவியாளனும் அல்ல. மூன்று பார்மசிகளில் இருபத்திரண்டு வருடம் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவன். இங்கே சொல்லப்போவது முதலாவது பார்மசியைப் பற்றி மட்டும்.

மட்டக்களப்பிலிருந்து வந்தபோது எனக்கு நாற்பது வயது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அங்கே. என் அகதி வழக்கு முடிந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். நிரந்தர வேலை இருக்கிறது, நல்ல மனிதன் என்று வேலை கொடுத்தவர் ஒரு கடிதம் தந்தால் வழக்குக்கு உதவும் என்று எல்லாரும் சொன்னார்கள். சில மாதம் பிரெஞ்சு வகுப்பில் இருந்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வருமுன் ஆசிரியை அடுத்த ஆளிடம் போய்விடுவார். பிறகு அந்தப் பார்மசியில் பெட்டி உடைத்து அடுக்கும் வேலை கிடைத்தது. இரண்டாம் மாதம், மருந்து கொண்டுபோன பையன் நின்றுவிட, பையை என் தோளில் மாட்டினார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

உரிமையாளர் மிசியே கரோன். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அவர்களைப் போல ஆகிவிடுவேன். அவரைப் போல வேலை சுத்தமான மனிதரை நான் பிறகு கண்டதில்லை. வெள்ளை மேலங்கியைக் கழுத்து வரை பூட்டியிருப்பார். குளிசை எண்ணுவதற்கு நீல நிறத்தில் ஒரு தட்டம். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னும் பின்னும் அதைத் துடைப்பார். தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். எண்ணி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி இன்னொரு தரம் எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால்தான் குப்பிக்குள் போகும். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் நிமிரமாட்டார். நானிருந்த காலத்தில் ஒரு குளிசை கூடிப்போனது, குறைந்துபோனது என்று ஒருவரும் திரும்பி வரவில்லை. ஒருபோதும் குரல் உயர்த்தியதில்லை. என்னைப் போன்றவனோடும் மரியாதைச் சொல்லில்தான் பேசுவார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார், அவ்வளவுதான். என் தோளில் கிடக்கும் பையைப் பார்த்துப் பேசுவார்.

குப்பியில் பெயரும் அளவும் அச்சடித்த தாளுக்கு மேலே சின்ன ஒட்டுத்தாள்கள் ஒட்டுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் படித்தேன். காசாளராக இருந்த லிஸ் என்ற பெண்மணி, வேலை குறைந்த நேரங்களில் ஒவ்வொன்றாக எடுத்து நடித்துக் காட்டுவார். தூங்கும் கண் என்றால் நித்திரை வரும், வாகனம் ஓட்டக்கூடாது. தண்ணீர்க் குவளை என்றால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மஞ்சள் தாளில் சாப்பாட்டுத் தட்டும் முள்ளுக்கரண்டியும் என்றால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, அப்போது அதிகம் எழுதிய குளிசைக்கு எப்போதும் அந்த மஞ்சள் தாள். மிசியே கரோன் அந்தக் குளிசையைக் கவுண்டரில் கொடுக்கும்போதெல்லாம், அந்தத் தாளில் விரலை வைத்துத் தட்டிச் சொல்லுவார்: சாப்பிடாமல் இதைப் போட்டால் சீனி அடியோடு இறங்கிவிடும், வியர்க்கும், நடுங்கும், விழுந்துவிடுவீர்கள், ஆளே போகலாம். பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு இருபது தரமாவது கேட்டிருப்பேன். கவுண்டருக்கு வந்தவர்களுக்குச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோனவர்களுக்கு யார் சொன்னது? ஒருவருமில்லை. அவர்கள் பெரும்பாலும் நடக்க முடியாதவர்கள், மொழி தெரியாதவர்கள். சொல்லித்தான் ஆக வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் அப்போது நம்மவர் வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் வயதான திருகோணமலை ஐயா ஒருவருக்கு மருந்து கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய குளிசையை எப்படித் தம்பி விழுங்குவது என்று கேட்டார். அது விழுங்குகிற மருந்தல்ல, பின்பக்கத்தால் வைக்கிற மருந்து. அதை அவருக்குச் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவருக்குச் சுகம் வந்துவிட்டது. அடுத்த வாரம் அவருடைய மகன் பார்மசிக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் ஆள் எங்கள் மொழியில் விளக்கம் சொன்னார், மிகவும் நன்றி என்று சொன்னான்.

அந்த நன்றியால்தான் எனக்குச் சனி பிடித்தது.

மிசியே கரோன் என்னை உள்ளே கூப்பிட்டார். மருந்தைப் பற்றி நோயாளியோடு பேச உரிமம் உள்ளவர் பேச வேண்டும். நீங்கள் கொண்டுபோக வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், வர வேண்டும். இனி ஒரு தரம் நடந்தால் வேலை இல்லை. இதையெல்லாம் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளங்கும்படி சொன்னார். அதையே ஒரு தாளில் அடித்து வைத்திருந்தார். கையெழுத்து வைத்தேன். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் உரிமம் உள்ள அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த எனக்கு உரிமம் கிடையாது. இடையில் அந்த ஐயா மருந்தை விழுங்கியிருந்தால் அது சட்டத்துக்குச் சம்மதமா? கேட்கவில்லை. மனத்துக்குள் கேட்டுக்கொண்டு பையைத் தூக்கினேன்.

இராசமணி அக்கா யாழ்ப்பாணத்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தையல் தொழிற்சாலைக்குப் போகும் மகள் வதனியோடு நான்காம் மாடியில் இருந்தார். சீனி வருத்தம். மாதம் ஒரு தரம் நான் குளிசை கொண்டுபோவேன். முழங்கால் நோவு இருந்தாலும் கதவைத் தானே வந்து திறப்பார். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார். நான் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வருவேன். ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மட்டக்களப்பாரிட்டை வாய் குடுத்தால் மந்திரம் போட்டுப் பாயோடை ஒட்டிப்போடுவினம் எண்டு எங்கடை பக்கம் பயங்காட்டுவினம். நீங்கள் என்னடாவெண்டால் வாயே திறக்கிறியளில்லை. முத்தோ வைச்சிருக்கிறியள் உள்ளுக்கை?"

நானும் சிரித்தேன். படியிறங்கும்போதுதான் ஒரு பதில் வந்தது.

ஊரில் அவருடைய ஒரே மகனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த வருடம் கார்த்திகைக் குளிர் நேரத்தோடு வந்துவிட்டது. டொக்டர் அவருடைய குளிசையை இரண்டு மடங்காக்கி எழுதியிருந்தார். அந்தப் புதுக் குப்பியைக் கொண்டுபோய் மணி அடித்தேன். தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்டு அக்கா வந்து கதவைத் திறந்தார்.

"இண்டைக்குத் தேத்தண்ணி இல்லைத் தம்பி, குறை நினையாதேங்கோ. கந்தசட்டி துடங்கிட்டுது. பொடியனுக்காக நேந்திருக்கிறன். ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான்."

என் கையில் குப்பி இருந்தது. மஞ்சள் தாள் வெளியே தெரிந்தது.

"மருந்து?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல் என்னை மீறி வந்தது.

"அதை விடுவனே? டொக்டர் கூட்டி எழுதினவர். காலமையும் பின்னேரமும் தவறாமல் போடுவன். மருந்தென்ன சாப்பாடே, விரதம் முறியிறதுக்கு?"

படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது? விரதகாரர் மருந்தை விட்டுவிடுவார், அதனால் ஆபத்து என்று எழுதியிருக்கும். எழுதினவர் நம்முடைய ஆட்களை அறியாதவர். இராசமணி அக்கா டொக்டர் சொன்னதில் ஒரு நேரம் தவறியதில்லை, முருகனுக்குச் சொன்னதிலும் தவறியதில்லை. இரண்டு இடத்திலும் உண்மையாக நடந்தார். அவரைக் கொல்லப் பார்த்தது அந்த உண்மைதான். ஒன்றில் கொஞ்சம் கள்ளம் செய்திருந்தால் தப்பியிருப்பார்.

எனக்குத் தெரிந்திருந்தது. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். சாப்பிடாமல் இதைப் போடாதேங்கோ அக்கா என்று சொல்ல நாலைந்து சொல் போதும். என் மொழியில், மூன்றடி தூரத்தில், என்னை நம்பிய ஒருவருக்கு. நான் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டினேன். அவர் தமிழில் கையெழுத்து வைத்தார். படியிறங்கினேன்.

மற்ற வீடுகளை விட்டுவிட்டு நேரே பார்மசிக்குப் போனேன். மிசியே கரோன் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடியும்வரை நின்றேன். திரும்பக் கொட்டி எண்ணும்வரையும் நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: "நான்காம் மாடி மதாம். சாப்பாடு இல்லை. ஆறு நாள். கடவுளுக்காக. குளிசை மட்டும் ஓம்."

அவருக்கு விளங்கியது. விளங்காமல் விட்டிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு கோபம் வராது. அந்தப் பெண்மணி உங்களிடம் மருந்தைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றார். இல்லை என்றேன். நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்றார். இல்லை என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று குப்பியில் இருக்கிறது, அவர் பெற்றுக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறார் என்றார். அது பிரெஞ்சில் இருக்கிறது என்றேன். "நாங்கள் இருப்பது கியூபெக்கில்" என்று சொல்லிவிட்டுத் தட்டத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

லிஸ் என்னைப் பார்த்தார். நான் லிஸைப் பார்த்தேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், வேலையும் தேவைப்பட்டது.

அடுத்த நாள் அந்தத் தெருவிலேயே வேறொரு வீட்டுக்கு மருந்து இருந்தது. திரும்பும்போது அக்காவின் கட்டடத்துக்குள் போய், மணிப் பொத்தான்களுக்கு முன்னால் நின்றேன். வதனியின் பெயர் நீல மையால் எழுதி ஒட்டியிருந்தது. பொத்தானில் விரலும் வைத்தேன். அழுத்தவில்லை. கையெழுத்து வைத்த தாள் நினைவுக்கு வந்தது. வழக்குக்கு வேண்டிய கடிதம் நினைவுக்கு வந்தது. மனைவியும் பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். நான் சொல்லாவிட்டாலும் மகள் பார்த்துக்கொள்ளுவாள் என்று எனக்கு நானே சொன்னேன். தாய் மாலையில் பாலும் பழமும் எடுக்கிறார் என்றுதான் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வதனி வேலையால் வந்தபோது, சாமிப் படத்துக்கு முன்னால் அக்கா விழுந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ தெரியாது. ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்கவில்லை. உயிர் தப்பியது. ஆனால் மூளைக்குச் சீனி இல்லாமல் இருந்த அந்த நேரம் அவரிடமிருந்து ஏதோவொன்றைக் கொண்டு போய்விட்டது. பழையவை எல்லாம் நினைவில் இருந்தன. புதிதாகச் சொன்னது நிற்காது. அடுப்பை மூட்டிவிட்டு மறந்துவிடுவார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விட முடியவில்லை. வதனி தொழிற்சாலை வேலையை விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்த சமூக சேவகி ஒருவர் உதவி செய்து, வதனி பார்மசிக்காரரின் தொழிற்சபைக்கு ஒரு முறைப்பாடு எழுதினாள். தன் தாய்க்கு ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை என்பதுதான் முறைப்பாடு.

அந்த முறைப்பாட்டுக் கடிதம் வந்த வாரம், மிசியே கரோன் என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டார். இம்முறை கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதுவரை அந்த அறையில் நான் இருந்து பேசியதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினார். அதுவும் முதல் தரம். மேசையில் அச்சடித்த ஒரு தாள். நான் மெதுவாக எழுத்துக்கூட்டினேன். எல்லாம் விளங்கவில்லை. என் பெயர், அந்தத் திகதி, அக்காவின் பெயர் விளங்கின. விளக்கினேன் என்ற பிரெஞ்சுச் சொல்லும் விளங்கியது. லிஸ் எனக்குச் சொல்லித் தந்த சொற்களில் அதுவும் ஒன்று.

குளிசையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும் என்று நோயாளியின் மொழியிலேயே நான் விளக்கினேன் என்று அந்தத் தாளில் இருந்தது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரே சொன்னார். நீங்கள் ஒரே மொழிக்காரர்கள், ஒரே நாட்டுக்காரர்கள், சொல்லியிருப்பீர்கள், அது இயற்கைதானே. திருகோணமலைக்காரருக்குச் சொன்னீர்கள் அல்லவா. அந்த மாதிரித்தான் என்றார். பேசக்கூடாது என்று நீங்கள் என்னிடம் கையெழுத்து வாங்கினீர்களே என்றேன். அது பொதுவான விதி என்றார். அந்தத் தாள் இப்போது எங்கே என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உங்கள் வழக்கு எப்போது வருகிறது, கடிதம் வேண்டுமென்று கேட்டிருந்தீர்களே, நல்ல கடிதமாகவே எழுதி வைத்திருக்கிறேன் என்று இன்னொரு தாளை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் கரையோடு கரை பொருந்த வைத்தார். குளிசைகளை வரிசையாக்குவது போல.

பேசாதே என்று சொன்ன மனிதர், பேசினேன் என்று கையெழுத்துக் கேட்கிறார். கொடுமை அதோடு முடியவில்லை. இது பொய் என்று நான் சொல்ல வேண்டுமானால் என்ன சொல்ல வேண்டும்? நான் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பெண்ணின் கையில் குப்பியைக் கொடுத்துவிட்டு வாய் மூடிக்கொண்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். கையெழுத்து வைத்தால் நான் நல்லவன், விளக்கம் சொன்னவன். வைக்காவிட்டால்தான் நான் யாரென்று தெரியும். அவர் இதை யோசித்துத்தான் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் தந்த பேனாவைத் திரும்ப மேசையில் வைத்தேன். "இல்லை. நான் பேசவில்லை. உங்களிடம் பேசினேன். அவரிடம் பேசவில்லை" என்றேன். என் வாழ்நாளில் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொன்னது அந்த நாலு வசனமும்தான் என்று நினைக்கிறேன்.

அவர் இரண்டு தாளையும் எடுத்து ஒரே உறைக்குள் வைத்தார். அந்த மாத முடிவில் வியாபாரம் குறைவு என்று என்னை நிறுத்தினார். கடிதம் இல்லாமலே என் வழக்கு நடந்தது. குடும்பத்தைக் கூப்பிட எனக்கு மேலும் நாலு வருடம் எடுத்தது. அந்தக் கடிதம் இருந்திருந்தால் முன்னதாக முடிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. கடைசி மகள் என்னை அப்பா என்று கூப்பிட மாதக்கணக்காகியது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

தொழிற்சபையின் பதிலை வதனி எனக்குக் காட்டினாள். ஒரு பக்கம்தான். மருந்து சரி. எண்ணிக்கை சரி. அச்சடித்த தாள் சட்டப்படி பிரெஞ்சில் இருக்கிறது. எச்சரிக்கை ஒட்டுத்தாள் இருக்கிறது. பெற்றுக்கொண்ட கையெழுத்து இருக்கிறது. நோயாளி தன் மத வழக்கம் பற்றி முன்கூட்டி அறிவிக்கவில்லை. ஆகவே பிழை காணப்படவில்லை. கொண்டுபோன ஆளை ஒருவரும் விசாரிக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கூப்பிட வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. மருந்துக்கும் மனிதருக்கும் நடுவில் நான் ஒரு பை.

அறிவிக்கவில்லையாம். என்னிடம் அறிவித்தார். நான் மிசியே கரோனிடம் அறிவித்தேன். இத்தனை வருடம் கழித்து அண்மைக் காலத்தில் கவனத்துக்கு வந்தது என்று படம் போடுகிறார்கள். கவனத்துக்கு வந்தது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது, எண்ணி முடியும்வரை காத்து நின்றது. நீங்கள்தான் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு வேலை செய்த இரண்டு பார்மசியிலும் நான் வாயை மூடவில்லை. கூச்சம் போய்விடவில்லை. கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். மூன்று தரம் எச்சரிக்கைத் தாள் தந்தார்கள். ஒன்றிலும் கையெழுத்து வைக்கவில்லை. இன்று உங்களுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், விரதம் உண்டா என்று கேட்கக் கணினியில் ஒரு கட்டம் இருக்கிறது. நல்லது. அந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் விட்டால், அதுவும் மிசியே கரோனின் மஞ்சள் தாள்தான்.

இனி எஞ்சியிருப்பதையும் எழுதிவிடுகிறேன்.

வேலை போன பிறகு இராசமணி அக்காவைப் பார்க்கப் போனேன். பையில்லாமல் அந்தப் படியில் ஏறியது அன்றுதான். வதனி என்னை உள்ளே இருத்தினாள். அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். மெலிந்திருந்தார். மகனைப் பற்றிச் சொன்னார், ஊர்க் கோயிலைப் பற்றிச் சொன்னார், எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். நான் வந்த காரணத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அவரே தொடங்கினார். தனக்கு நடந்ததை மகள் சொல்லித்தான் தெரியும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, சாப்பிடாமல் அந்தக் குளிசை போட்டால் இப்பிடி வரும் எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம் அக்கா" என்றேன்.

"அண்டைக்கே தெரியுமே?"

"ஓம்."

அவர் அழவில்லை, ஏசவில்லை. நெற்றி சுருங்கியது. நம்பிக் கதவைத் திறந்துவிட்ட ஒருவர், வந்தவனை வேறு ஆளாகக் காணும்போது வரும் முகம் அது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிறிது நேரத்தில் அந்தச் சுருக்கம் தானாக விலகியது. சன்னலைப் பார்த்தார். குளிர் கூடிப்போச்சு என்றார். தேத்தண்ணி குடித்தேனா என்று கேட்டார். குடித்துவிட்டேன் என்றேன். பிறகு, முதல் தரம் கேட்பதைப் போலவே, என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். நான் ஓம் என்றேன். அதே முகம் மறுபடி வந்தது.

மூன்றாவது தரம் கேட்டபோது வதனிக்குத் தாங்கவில்லை. குசினி வாசலில் நின்றபடி, "இல்லையெண்டு சொல்லிவிடுங்கோவன் அண்ணை. இன்னும் அஞ்சு நிமிசத்திலை அவவுக்கு நினைவிராது" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

நான் அக்காவைப் பார்த்து ஓம் என்றேன்.